கடலடிச் சேற்றில் எங்கள் மாரி

8 பாகை வடக்கு அகலக்கோடு வாழைச்சேனைக்கும் வாகரைக்கும் நடுவே இலங்கையில் எங்கள் கிழக்குக் கரையைத் தொடுகிறது. அந்தக் கோட்டிலேயே நேர் கிழக்கே ஐந்நூறு கிலோமீற்றர் போனால் கடலின் ஆழம் 3,700 மீற்றரளவில் இருக்கும். அந்த ஆழத்தில் படுத்துக் கிடப்பது இமயமலை. கங்கையும் பிரமபுத்திராவும் இலட்சக்கணக்கான வருடங்களாக அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய மலை அது. வங்காள விசிறி என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீற்றர் நீளம். உலகின் கடலடி விசிறிகளில் அதுவே பெரியது.

1972ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குளோமர் சலஞ்சர் என்ற துளைகப்பல் டார்வினிலிருந்து புறப்பட்டு வந்து, அந்த இடத்தில் 218ஆம் இலக்கத் துளையை இட்டு, கொழும்பில் பயணத்தை முடித்தது. நாட்டின் பெயர் அப்போது இன்னும் சிலோன்தான். குடியரசாவதற்குச் சில மாதங்கள் இருந்தன. 2015இல் ஜோய்டெஸ் ரெசொலூஷன் கப்பல் அதே 8 பாகைக் கோட்டில் ஏழு இடங்களில் துளையிட்டது. ஓரிடத்தில் கடலடிக்குக் கீழே ஆயிரம் மீற்றரையும் தாண்டிப் போனார்கள். அந்தக் கப்பலும் கொழும்பில்தான் வந்து நின்றது.

மருதமுனையில் பிறந்து வளர்ந்த எனக்குப் பல்கலைக்கழகம் போகும்வரை இதில் எதுவும் தெரியாது. எங்களுக்குக் கடலின் கணக்கு காற்றுத்தான். ஐப்பசிக் கடைசியில் வாடை திரும்பினால் மாரி. கடல் கொந்தளிக்கும், தோணிகள் கரையேறும், மேற்கே கரவாகு வட்டையில் பெரும்போக வெள்ளாமை பச்சை பிடிக்கும். வைகாசியில் கச்சான் வீசத் தொடங்கினால் கிணறு இறங்கும், கடல் அடங்கும், மீன்பிடிக்கப் போகும் மாமாவுக்கு நல்ல தொழில். கொழும்பிலும் இரத்தினபுரியிலும் வெள்ளம் என்று வானொலி சொல்லும் நாட்களில் எங்கள் முற்றத்தில் புழுதி பறக்கும். ஒரே தீவில் ஒரு பக்கத்தின் மழைக்காலம் மற்றப் பக்கத்தின் கோடை என்பதை நாங்கள் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை; தண்ணீர் வாளியில் படித்தோம். இதற்கு மேல் கடலைப் பற்றிப் பேசினால் பெரியவர்கள் 78ஆம் ஆண்டு நவம்பர் 23 சூறாவளியைச் சொல்வார்கள். கூரை போன வீடுகளும் தென்னந்தோப்புகளும் பேச்சில் வரும்.

பிறகு 2004 டிசம்பர் 26 சுனாமி. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் மௌத்தானார்கள். நாட்டில் வேறெந்த மாவட்டமும் அவ்வளவு இழக்கவில்லை. எங்கள் குடும்பத்திலும் ஜனாஸா எடுத்தோம். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. பாடசாலைப் பிள்ளையாக இருந்த எனக்கு அதன்பிறகு கடல் என்றால் அந்த ஒரு நாள் மட்டும்தான் என்றாகிவிட்டது என்பதை மட்டும் சொல்கிறேன். அதற்கு முன்னும் கடலுக்கு ஒரு காலம் இருந்தது என்று மனம் நினைக்க மறுத்தது.

பேராதனையில் புவிச்சரிதவியல் படித்தபோது ஒரு விரிவுரையில் 1976ஆம் ஆண்டு சயன்ஸ் இதழில் வந்த வரைபு ஒன்றைத் திரையில் காட்டினார்கள். ஜேம்ஸ் ஹேய்ஸ், ஜோன் இம்ப்ரி, நிக்கலஸ் ஷாக்கிள்டன் என்ற மூவரின் வேலை. கடலடியிலிருந்து எடுத்த இரண்டு சேற்றுத்தண்டுகளை வைத்து 450,000 வருடக் காலநிலையை வாசித்திருந்தார்கள். பனியுகங்கள் 100,000 வருடம், 42,000 வருடம், 23,000 வருடம் என்ற ஒழுங்குகளில் வந்துபோயிருந்தன. சூரியனைச் சுற்றும் பூமியின் பாதை நீள்வதும் வட்டமாவதும், அச்சின் சாய்வு கூடுவதும் குறைவதும், அந்த அச்சு மெல்லத் தலைசுற்றுவதும் பனியுகங்களை நடத்துகின்றன என்று சேர்பியரான மிலுட்டின் மிலன்கோவிச் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். அவர் 1958இல் இறந்துபோனார். அவருடைய கணக்கு சரி என்பதற்கு அந்த இரண்டு தண்டுகளும் சாட்சி சொன்னபோது அவர் இல்லை. அவை எந்தக் கடலில் எடுத்தவை என்று விரிவுரையாளர் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தென் இந்து சமுத்திரம். எங்கள் கரையிலிருந்து தெற்கே நிலமே குறுக்கிடாமல் நீளும் அதே தண்ணீர்.

முதுமாணிப் படிப்புக்கு யப்பான் போகக் கிடைத்தது. "சேறு படிக்கவா மகள் அவ்வளவு தூரம்?" என்று வாப்பா கேட்டார். மறிக்கவில்லை. உம்மா ஒரு கிழமையாக மாசிச் சம்பல் இடித்துப் போத்தல்களில் அடைத்தா.

ஷிகோகு தீவில் உள்ள கோச்சி மாவட்டத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பல்கலைக்கழக வளவுக்குள் இருக்கிறது சேற்றுத்தண்டுக் களஞ்சியம். இந்து சமுத்திரத்திலும் மேற்குப் பசிபிக்கிலும் துளைத்தெடுத்த சேற்றுத்தண்டுகள் அங்கே 4 பாகை செல்சியஸ் குளிரில், கூரை முட்டும் இறாக்கைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. நான் போனது நோன்பு காலத்தில். தடித்த குளிர்ச்சட்டைக்குள் நடுங்கிக்கொண்டு, பெயர் அட்டைகளை வாசித்தபடி வரிசை வரிசையாக நடந்தேன். வங்காள விரிகுடா, அந்தமான் கடல், அரபிக்கடல் என்று என் சொந்தக் கடல்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. பெருமையும் வந்தது, வருத்தமும் வந்தது. இவற்றில் ஒரு துண்டுகூட நாங்கள் போய்த் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் இல்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கப்பலில் ஒவ்வொரு முறையும் ஒன்பதரை மீற்றர் நீளமான பிளாஸ்டிக் குழாய் நிறையச் சேறு மேலே வரும். அதை ஒன்றரை மீற்றர்த் துண்டுகளாக வெட்டி, மேல் முனைக்கு நீல மூடியும் கீழ் முனைக்கு நிறமற்ற மூடியும் போடுவார்கள். எது மேல் எது கீழ் என்று மாறிப்போனால் காலமே தலைகீழாகிவிடும். பிறகு நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி ஆவணம். அதில் யாரும் கைவைப்பதில்லை. மற்றப் பாதியிலிருந்துதான் எங்களைப் போன்றவர்களுக்கு மாதிரி கிடைக்கும்.

எனக்குக் கிடைத்தது 2014 முடிவில் ஜோய்டெஸ் ரெசொலூஷன் எடுத்த யு1443 என்ற இடத்தின் சேறு. எங்கள் கரையிலிருந்து தென்கிழக்கே, சுமாத்திராவுக்குப் போகும் வழியில், தொண்ணூறு பாகை மலைத்தொடர் என்ற கடலடி மலையின் முதுகில் அந்த இடம் இருக்கிறது. விசிறியின் சேறு ஆற்று வெள்ளத்தோடு திடீர் திடீரென்று சரிந்து வந்து குவிவது. அதில் வருடக் கணக்கு குழம்பிக் கிடக்கும். மலைமுதுகு அந்தச் சரிவுகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. மேலே மிதந்து வாழ்ந்து செத்த நுண்ணுயிர்களின் ஓடுகளும் நுண்ணிய களியும் மட்டும் அமைதியாக இறங்கிப் படியும். ஆயிரம் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ சென்ரிமீற்றர். என் சுண்டுவிரல் அகலத்துக்குள் சோழரும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வந்துபோய்விடுகிறார்கள்.

மூடியைக் கழற்றியபோது களப்புச் சேற்றின் நாற்றம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது ஈரச் சுண்ணாம்பின் மணம். வெளிர்ந்த, வழவழப்பான சேறு. சில இடங்களில் பச்சை கலந்த சாம்பல், சில இடங்களில் பால் நிறம். புழுக்கள் குடைந்த தடங்கள் கறுப்பு இழைகளாகத் தெரிந்தன. முதல் சில மீற்றருக்குள்ளேயே சேறு நின்று வேறொன்று தொடங்கியது. விரலில் நெருடும் ஒரு சாம்பல் பட்டி. துளியளவு எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தால் நிறமற்ற கண்ணாடிச் சில்லுகள், வெடித்த குமிழிகளின் வளைந்த சுவர்கள். 74,000 வருடங்களுக்கு முன்பு வட சுமாத்திராவில் தோபா எரிமலை வெடித்தபோது வானத்தில் எழுந்து வந்து விழுந்தது அது. கடந்த இருபது இலட்சம் வருடங்களில் அதைவிடப் பெரிய வெடிப்பு இல்லை. வெடித்த இடம் இன்று நூறு கிலோமீற்றர் நீளமான ஏரி. அதன் சாம்பல் வங்காள விரிகுடா முழுவதும் படிந்து, இந்தியாவின் ஆற்றுப் படுகைகள்வரை கிடக்கிறது. சேற்றுத்தண்டு வாசிப்பவர்களுக்கு அது நிச்சயமான திகதி.

சுமாத்திரா. 2004இன் அலை புறப்பட்ட பக்கம் அது; அந்தப் பெயரை எங்கள் ஊரில் யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. நான் கையுறையோடு அந்தப் பட்டியின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். அதற்குக் கீழே சேறு பழையபடி தொடர்ந்தது. மேலேயும் தொடர்ந்தது. அவ்வளவு பெரிய அழிவுக்குப் பிறகும் அந்தச் சின்ன ஓடுகள் வந்து படிந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. எனக்குள் 2004இலிருந்து இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அன்றைக்குத்தான் கொஞ்சம் இளகியது.

ஓடுகளை எடுக்கும் வேலை மாதக்கணக்கில் நடந்தது. சேற்றை 63 மைக்கிரோன் அரிதட்டில் கழுவினால் களி போய், வெள்ளை மணல் போன்று ஒரு சிட்டிகை மிஞ்சும். அது முழுவதும் பொராமினிபெரா என்னும் ஒற்றைக்கல உயிரிகளின் ஓடுகள். ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒன்று இருந்தாலே பெரிய ஓடு. கறுப்புத் தட்டில் பரப்பி, தூரிகை நுனியைத் தண்ணீரில் தொட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். எனக்கு வேண்டியது குளோபிஜெரினோயிடெஸ் ருபர். கடலின் மேற்பரப்பில் வாழ்வது, மழைநீர் வந்து கலப்பதை முதலில் உணர்வது. மூன்று உருண்டைகள் ஒட்டியதுபோல் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஒருநாள் தட்டில் ரோசா நிறத்தில் ஒன்று கிடந்தது. அடுத்த மாதிரியில் இன்னும் சில. "சுப்ஹானல்லாஹ்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்து மேசை யப்பானியப் பெண் என்னவோ ஏதோவென்று எழுந்து வந்தாள். அந்த ரோசா வகை அத்திலாந்திக்கில் இன்றும் உண்டு. இந்து சமுத்திரத்திலும் பசிபிக்கிலும் ஏறத்தாழ 120,000 வருடங்களுக்கு முன்பே அற்றுப்போய்விட்டது. நான் கடந்த பனியுகம் முழுவதையும் தாண்டி, அதற்கு முந்திய வெப்பகாலத்துக்குள் இறங்கிவிட்டேன் என்பதற்கு அடையாளம் அது.

ஓட்டின் சுண்ணாம்பில் இருக்கும் ஒட்சிசன்தான் சாட்சி. ஒட்சிசனுக்கு 16, 18 என்று எடை வேறுபட்ட சமதானிகள் உண்டு. எடை குறைந்த தண்ணீர் எளிதில் ஆவியாகும். பனியுகத்தில் அந்த ஆவி துருவப் பக்கம் போய்ப் பனியாக விழுந்து நிலத்திலேயே தங்கிவிடும். கடலில் பாரமான ஒட்சிசனின் பங்கு கூடும். அந்தக் கடலில் வளரும் ஓட்டிலும் கூடும். தண்ணீர் குளிர்ந்தாலும் ஓட்டில் பாரம் கூடும். வங்காள விரிகுடாவில் மூன்றாவதாக ஒன்று சேர்கிறது: பருவமழையும் ஆறுகளும் கொண்டுவரும் நன்னீர், எடை குறைந்த ஒட்சிசனோடு வருகிறது. ஆக ஒரே எண்ணுக்குள் பனி, வெப்பம், மழை மூன்றும் இருக்கின்றன. ஓட்டிலுள்ள மக்னீசியத்தை அளந்து வெப்பத்தைப் பிரிக்கலாம். உலகப் பனியின் அளவைக் கடலடியில் வாழும் ஓடுகளிலிருந்து எடுக்கலாம். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது உப்பின் கதை, அதாவது மழையின் கதை.

இப்படிக் கிடைத்த புள்ளிகளைக் கோடாக இழுத்தால் ஏற்றமும் இறக்கமுமாக ஒழுங்கில்லாத ஒரு கோடு வரும். அதற்குள் மூன்று ஒழுங்குகள் ஒளிந்திருக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள எனக்குக் கணிதத்துக்கு முன்னால் நெசவாளரான வாப்பாவின் தறிதான் உதவியது. பல நிறக் கட்டம் போட்ட சாரம் ஒன்றைக் கையில் கொடுத்தால், சிவப்பு எத்தனை இழைக்கு ஒருமுறை, நீலம் எத்தனைக்கு, மஞ்சள் எத்தனைக்கு என்று வாப்பா பார்த்தவுடன் சொல்வார். நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கட்டம் குழம்பித் தெரிந்தாலும் ஒவ்வொரு நிறமும் தன் கணக்கில்தான் திரும்பி வரும். கணினி செய்வதும் அந்தப் பிரிப்புத்தான்.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது மூன்றாவது ஒழுங்கு, அச்சின் தலைசுற்றல். இப்போது பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவது ஜனவரி முதல் வாரத்தில்: 147 மில்லியன் கிலோமீற்றர். ஜூலையில் 152 மில்லியன் கிலோமீற்றர் தள்ளிப் போய்விடும். ஏறத்தாழ 11,000 வருடங்களுக்கு முன்பு இது நேர்மாறாக இருந்தது. வடக்கின் கோடையில் பூமி சூரியனுக்குக் கிட்ட நின்றது. ஆசியப் பெருநிலம் இன்னும் அதிகம் சூடேறியது. தென்மேற்குப் பருவமழை இன்றைக்கு இருப்பதைவிடப் பலமாகப் பெய்தது. அதற்கும் முன்னே, 21,000 வருடங்களுக்கு முந்திய பனியுக உச்சத்தில் கடல் மட்டம் 120 மீற்றரளவு கீழே போயிருந்தது. தலைமன்னாரிலிருந்து இராமேச்சரத்துக்கு நடந்தே போகலாம். தென்மேற்கு மழை ஒடுங்கிக் கிடந்தது. வடகிழக்குக் காற்று, எங்கள் வாடை, பலமாக வீசியது என்பதை 1982இலேயே பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் ஷான்-குளோட் டுப்ளெசி வட இந்து சமுத்திரத்துச் சேற்றிலிருந்து காட்டினார். எங்கள் மலைநாட்டிலும் அதற்குச் சாட்சி உண்டு. ஹோர்ட்டன் சமவெளிச் சதுப்பின் மகரந்தத்தை எடுத்து, பிரேமதிலக்கவும் ரிஸ்பெர்க்கும் 24,000 வருடத் தாவர வரலாற்றை எழுதினார்கள். பனியுக உச்சத்தில் அந்த மேட்டுநிலம் வறண்டு கிடந்திருக்கிறது.

நான் வாசித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை தென்மேற்கு மழையைப் பற்றியவை. அது நியாயம்தான், நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் சோறு அந்த மழையில் இருக்கிறது. ஆனால் எங்கள் கல்முனைப் பக்கத்தின் சோறு அதில் இல்லை. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளின் பெரும்போகம் வாடையோடு வரும் மழையில் விளைகிறது. தென்மேற்கு பலம்பெறும் சுற்றில் வடகிழக்கு என்ன செய்தது, தென்மேற்கு தளர்ந்தபோது எங்கள் பக்கம் எவ்வளவு பெய்தது என்பதைத் தனியாகக் கேட்டு ஒரு சேற்றுத்தண்டு எடுக்க வேண்டும் என்று நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். அந்த வேலைக்கு இந்தக் கரையின் பிள்ளைகள் முன்னுக்கு வர வேண்டும். மாரி பிந்தினால் என்ன ஆகும் என்று பசியால் அறிந்தவர்கள் கேட்கும் கேள்வி வேறுவிதமாக இருக்கும்.

இப்போது கல்முனைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்குக் கற்பிக்கிறேன். அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கரகன் களப்பின் சேற்றில், 2004க்கு முன்னும் ஆயிரக்கணக்கான வருடங்களாக இப்படிப்பட்ட அலைகள் வந்துபோன மணல் அடுக்குகள் இருப்பதைக் காட்டிய 2014ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். சுனாமியைக் காணாத பிள்ளைகள் அவர்கள். வீட்டில் ஒரு படமாகத் தொங்கும் மாமியையோ சாச்சாவையோ மட்டும் அறிந்தவர்கள். அமைதியாகக் கேட்பார்கள்.

மாமாவிடம் சொல்வது வேறு மாதிரி. அரிசோனா பல்கலைக்கழகத்தின் கௌஸ்துப் திருமலை தலைமையிலான குழு 2025இல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரையை அவருக்கு விளக்கினேன். வங்காள விரிகுடாவின் ஓடுகளிலிருந்து கடந்த 22,000 வருடங்களை வாசித்திருக்கிறார்கள். பருவமழை மிதமிஞ்சிப் பலத்த காலத்திலும் கடலின் மேல்மட்டத்தில் உயிர்களுக்கு இரை குறைந்திருக்கிறது. மிகத் தளர்ந்த காலத்திலும் குறைந்திருக்கிறது. மழை கூடினால் நன்னீர் மேலே மூடியாகப் படர்ந்து, கீழிருக்கும் சத்தை மேலே வரவிடாது. தளர்ந்தால் கடலைக் கலக்கும் காற்று இல்லாமல் சத்து கீழேயே கிடக்கும்.

மாமா சாய்ந்தமருதுக் கரையில் வலை பொத்திக்கொண்டே கேட்டார். "அப்ப மகள், மழை கூடினாலும் மீனில்ல, குறைஞ்சாலும் மீனில்ல. இப்ப எந்தப் பக்கம் போகுதாம்?"

கூடும் பக்கம் என்றேன். 2021இல் ஸ்டீவன் கிளெமென்ஸ் குழு, மகாநதி முகத்துக்கு வெளியே எடுத்த சேற்றில் 900,000 வருடங்களை வாசித்து, காற்றில் காபனீரொட்சைட்டு கூடிப் பனி குறைந்த காலங்களிலெல்லாம் தென்னாசியாவின் கோடை மழை பலத்தது என்று காட்டியதையும் சொன்னேன். மாமா ஊசியை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் இருந்தார். பிறகு, கார்த்திகை மார்கழியில் வடக்கிலிருந்து நீரோட்டம் இறங்கி வரும் நாட்களில் தண்ணீர் வாயில் வைத்தால் உப்புக் குறைவாக இருக்கும் என்றும், அந்த நாட்களில் சில மீன்கள் ஆழத்துக்குப் போய்விடும் என்றும், இது தன் வாப்பாவுக்கும் தெரியும் என்றும் சொன்னார். வங்காள விரிகுடாவின் ஆற்றுநீர் இந்தியக் கரையோரமாக இறங்கி எங்கள் கிழக்குக் கரையைத் தழுவிப் போகும் காலம் அதுதான். கடலியலாளர் உப்புமானியால் அளந்ததை அவர் நாக்கால் அளந்திருந்தார்.

நான் அவரிடம் மூடி இறுகிய சின்னப் போத்தல்கள் கொடுத்தேன். கரையிலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திகதி என்று ஒட்டித்தாளில் எழுதி, தொழிலுக்குப் போய்வரும்போது கடல்நீர் நிரப்பிக்கொண்டு வருகிறார். பிள்ளைகள் பாடசாலை ஆய்வுகூடத்தில் உப்பு அளந்து பதிகிறார்கள். மார்கழிப் போத்தல்களில் உப்புக் குறைவு என்பது முதல் வருடமே தெரிந்துவிட்டது. மழை மாதங்களில் மட்டும் எடுத்தால் போதாது, கச்சான் காலத்திலும் விடாமல் எடுக்க வேண்டும் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன்.